இரு வரம்புகளும் ஓர் இணைப்புச் சொல்லும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பெரும்பொருள் ஒன்றை எடுத்துப் பேசுவது வழக்கம். நான் எடுத்திருப்பது பள்ளி வகுப்பில் சில நாள்களில் கடந்துபோகும் ஒரு பாடம்: கூட்டு அசமன்பாடுகள். இரண்டு ஒருபடி அசமன்பாடுகள் ‘மற்றும்’ என்றோ ‘அல்லது’ என்றோ இணைந்து வந்தால் அது கூட்டு அசமன்பாடு. வரையறை அவ்வளவுதான். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தவிர வேறு கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. இருந்தும், விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்கள் அறிவார்கள்: கணக்கைப் பிழையில்லாமல் செய்துகொண்டு வந்த மாணவர்தான் கடைசி வரியில் சறுக்குகிறார். அந்தக் கடைசி வரியில் எண்ணின் வேலை முடிந்துவிட்டது; இரண்டு கூற்றுகளை எந்தச் சொல் இணைக்கிறது என்பதே அங்கே மிச்சம். இந்தப் பாடத்தின் உயிர் அந்த இணைப்புச் சொல்லில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. அதைக் காட்டவே இந்த நேரத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நம் பள்ளிகளில் வட்டம் என்றாலே 22/7. விட்டம் 70 செ.மீ. என்று கேள்வி வரும். சுற்றளவு 220 செ.மீ. என்று விடை எழுதுவோம். ஏழு அடிபட வேண்டும் என்பதற்காகவே அந்த 70. ஆனால் இந்த 22/7-ஐ நிறுவித் தந்த ஆர்க்கிமிடீஸ், அதுதான் பையின் மதிப்பு என்று எங்கும் சொல்லவில்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிராக்யூஸ் நகரில் வாழ்ந்த அவர், வட்டத்தின் அளவீடு பற்றிய தம் சிறு நூலில் நிறுவியது இன்றைய குறியீட்டில் ஒரு கூட்டு அசமன்பாடு:

223/71 < பை < 22/7

வட்டத்துக்குள்ளே ஓர் ஒழுங்கு அறுகோணம், வெளியே ஓர் அறுகோணம் என்று தொடங்கினார். பக்கங்களை இரட்டித்து 12, 24, 48, 96 வரை போனார். உள்ளே இருக்கும் பலகோணத்தின் சுற்றளவு வட்டத்தைவிடக் குறைவு. வெளியே இருப்பது வட்டத்தைவிட அதிகம். இடையில் மூன்றின் வர்க்கமூலம் தேவைப்பட்டபோது அதையும் 265/153, 1351/780 என்ற இரண்டு பின்னங்களுக்கு நடுவே அடைத்தார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதன் பிறகு வருகிறது. ஒவ்வொரு படியிலும் தோராயப்படுத்தும்போது, கீழ்வரம்புக் கணக்கில் விடை குறையும் பக்கமாகவும், மேல்வரம்புக் கணக்கில் விடை கூடும் பக்கமாகவும் மட்டுமே நகர்ந்தார். ஓரிடத்தில் திசை தவறியிருந்தாலும் முழு நிறுவலும் சரிந்திருக்கும். அசமன்பாட்டில் ஒருவர் காக்க வேண்டிய ஒழுக்கம் முழுவதும் அந்தத் திசை உணர்வில் இருக்கிறது.

அப்படிப் பார்த்தால், 70 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 219.85 செ.மீட்டருக்கு மேல், 220 செ.மீட்டருக்குக் கீழ். நம் பிள்ளைகள் எழுதும் 220 என்ற எண், சுற்றளவு ஒருபோதும் தொடாத எல்லை. சீனத்தில் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சூ சோங்ஜி பையை 3.1415926-க்கும் 3.1415927-க்கும் இடையில் நிறுத்தினார். அவரும் இரண்டு எண்களைத்தான் கொடுத்தார். ஒரு மதிப்பைச் சொல்லிவிட்டுப் பிழை எவ்வளவு என்று சொல்லாமல் விடுவதைவிட, இரண்டு வரம்புகளைச் சொல்லி அவற்றை நிறுவுவது மேலான அறிவு. சமன்பாட்டுக்குக் கொடுக்கும் மரியாதையை நாம் அசமன்பாட்டுக்குக் கொடுப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

குறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சமக்குறியை இராபர்ட் ரெக்கார்டு 1557-இல் அச்சிட்டார். சிறிது, பெரிது என்னும் குறிகள் அச்சேறியது 1631-இல், தாமஸ் ஹாரியட் இறந்து பத்தாண்டுகளுக்குப் பின் வெளிவந்த அவருடைய நூலில். ‘சிறிது அல்லது சமம்’ என்ற குறியோ, பிரான்சின் பியேர் பூகே 1734-இல் அதைக் கையாளும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சின்னக் கோடு வர நூறாண்டு பிடித்தது. அது ஒரு ‘அல்லது’ என்பதையும் மறக்கக் கூடாது: ‘3 ≤ 3’ என்பதை மெய் என்று சொல்லத் தயங்கும் மாணவர், அந்தக் குறிக்குள் ஒளிந்திருக்கும் ‘அல்லது’-வைக் காணவில்லை.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தெரியாத எண்ணை ‘ய’ என்று வைத்துக்கொள்வோம்.

−3 ≤ 5 − 2ய < 11

இது ஒரே தொடராகத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு கூற்றுகள்: 5 − 2ய என்பது −3-க்குக் குறையக் கூடாது, மற்றும் 11-ஐ எட்டக் கூடாது. மூன்று பகுதிகளிலிருந்தும் 5-ஐக் கழித்தால் −8 ≤ −2ய < 6. அடுத்து −2-ஆல் வகுக்க வேண்டும். ‘குறை எண்ணால் வகுத்தால் குறி திரும்பும்’ என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஏன் திரும்புகிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். காரணம் எளிது. எண்கோட்டில் ஓர் எண்ணைக் குறை எண்ணால் பெருக்குவதோ வகுப்பதோ, பூச்சியத்தின் மறுபக்கத்துக்கு அதைப் புரட்டிப்போடுவது. புரட்டும்போது இடம் வலமாகிறது, வலம் இடமாகிறது. 2, 5 என்ற இரண்டில் 5 வலப்பக்கம் இருக்கிறது. −2, −5 என்று ஆனதும் −5 இடப்பக்கம் போய்விடுகிறது. கோடு முழுவதும் புரண்டுவிட்டதால் வரிசையும் புரள்கிறது. இதைப் பலகையில் ஒருமுறை வரைந்து காட்டிவிட்டால் விதியை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

ஆக, 4 ≥ ய > −3. சிறியதை இடப்பக்கம் வைத்து எழுதினால் −3 < ய ≤ 4. இங்கேதான் இன்னொரு வழுக்கல். தொடக்கத்தில் சமக்குறி இடப்பக்க வரம்பில் இருந்தது. இப்போது வலப்பக்கம் வந்துவிட்டது. குறியைத் திருப்பிய மாணவர்கள் பலர் எண்கோட்டில் நிரப்பிய வட்டத்தைப் பழைய பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். இதற்கு மருந்து ஒன்றுதான்: இரண்டு முனைகளையும் முதல் வரியில் பிரதியிட்டுப் பார்ப்பது. ய = 4 என்றால் நடுப்பகுதி −3; அது அனுமதிக்கப்பட்டது. ய = −3 என்றால் நடுப்பகுதி 11; அனுமதி இல்லை. ஒரு நிமிட வேலை.

முனை சேருமா சேராதா என்பது ஏட்டுக் கவலை அல்ல. ரயிலில் 5 வயது நிறைந்து 12 வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் பாதிக் கட்டணம். அதாவது 5 ≤ வயது < 12. ஐந்தாம் பிறந்தநாளில் பயணம் செய்யும் குழந்தைக்குச் சீட்டு வாங்க வேண்டும். பன்னிரண்டாம் பிறந்தநாளில் பயணம் செய்யும் பிள்ளைக்கு முழுச் சீட்டு. நிரப்பிய வட்டத்துக்கும் வெற்று வட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

எல்லாக் கூட்டு அசமன்பாட்டையும் இப்படி மூன்று பகுதிகளாக வைத்தே இழுத்துக்கொண்டு போக முடியாது. 2ய − 1 < ய + 4 ≤ 3ய + 8 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று இடத்திலும் மாறி இருக்கிறது. எதைக் கழித்தாலும் எங்காவது ஓரிடத்தில் மாறி மிஞ்சும். இதைப் பிரிக்கத்தான் வேண்டும். முதல் பாதி ய < 5 என்று தரும். இரண்டாம் பாதி ய ≥ −2 என்று தரும். இரண்டும் ஒருசேர மெய்யாக வேண்டும் என்பதால் −2 ≤ ய < 5. தொடராக எழுதுவது வசதிக்காக. அடியில் இருப்பது ‘மற்றும்’ என்று இணைந்த இரண்டு கூற்றுகள் என்பதை இந்த வகைக் கணக்கு நினைவூட்டுகிறது. இத்தகைய கணக்கு பயிற்சியில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

‘அல்லது’ வரும் கணக்கைப் பார்ப்போம். 2ய + 1 < −5 அல்லது 3ய − 4 ≥ 8. தீர்த்தால் ய < −3 அல்லது ய ≥ 4. இங்கே நிறுத்திவிட வேண்டும், விடை இதுதான். ஆனால் முந்தைய கணக்கின் பழக்கத்தில் கை தானாக 4 ≤ ய < −3 என்று எழுதிவிடுகிறது. அந்த வரியை வாசித்துப் பாருங்கள்: 4 என்பது −3-ஐவிடச் சிறியது என்று அது சொல்கிறது. எண்கோட்டில் இரண்டு திசையில் பிரிந்து ஓடும் இரண்டு துண்டுகளை ஒரே தொடருக்குள் அடைக்க முடியாது. ‘மற்றும்’ என்றால் வெட்டு, ‘அல்லது’ என்றால் சேர்ப்பு என்று பாடநூல் சொல்கிறது. அதை எண்கோட்டில் வரைந்த பிறகுதான் விடை எழுத வேண்டும் என்று நாமும் சொல்ல வேண்டும்.

இந்த இணைப்புச் சொல் தவறினால் கொடுக்கும் விலை என்ன என்று தெரிந்துகொள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் போவோம். அங்கே தடுப்பூசிகள் வைக்கும் குளிர்பெட்டியை ஐ.எல்.ஆர். என்பார்கள். அதன் உள்வெப்பநிலை 2 டிகிரி செல்சியசுக்குக் குறையக் கூடாது, 8 டிகிரியைத் தாண்டக் கூடாது. காலையும் மாலையும் வெப்பநிலையைப் பார்த்துப் பதிவேட்டில் குறிப்பது அதன் பொறுப்பாளர் கடமை. பாதுகாப்பு நிலை ஒரு ‘மற்றும்’: 2 ≤ வெப்பநிலை ≤ 8. வெப்பமானி பாரன்ஹீட்டில் இருந்தால், பாரன்ஹீட் அளவிலிருந்து 32-ஐக் கழித்து 5/9-ஆல் பெருக்கக் கிடைப்பது 2-க்கும் 8-க்கும் இடையில் இருக்க வேண்டும். 9/5-ஆல் மூன்று பகுதிகளையும் பெருக்கி 32-ஐக் கூட்டினால் 35.6 முதல் 46.4 வரை. வகுப்பில் போடும் அதே கணக்கு.

அபாய நிலை எது? பாதுகாப்பு நிலையின் மறுப்பு. ‘மற்றும்’ இணைத்த கூற்றை மறுத்தால் ‘அல்லது’ வரும்: வெப்பநிலை < 2 அல்லது வெப்பநிலை > 8. நாம் பேசும்போது “ரெண்டுக்குக் கீழயும் எட்டுக்கு மேலயும் ஆபத்து” என்போம். அந்தப் பேச்சு தமிழில் சரி, கேட்பவருக்கும் புரிந்துவிடும். எச்சரிக்கை மணிக்கு நிரல் எழுதுபவர் அதை அப்படியே எடுத்து ‘மற்றும்’ என்று எழுதிவிட்டால், ஒரே நேரத்தில் 2-க்குக் கீழும் 8-க்கு மேலும் உள்ள வெப்பநிலையை அந்தக் கருவி தேடிக்கொண்டிருக்கும். அப்படி ஓர் எண் இல்லை. தீர்வு வெற்றுக்கணம். பெட்டிக்குள் என்ன நடந்தாலும் மணி அடிக்காது. இதைப் புரட்டி, பாதுகாப்பு விளக்கை ‘2-க்குக் குறையாமல் அல்லது 8-க்கு மிகாமல்’ என்று அமைத்தால், எல்லா மெய்யெண்ணும் அதை நிறைவுசெய்யும். விளக்கு எப்போதும் பச்சையாகவே எரியும். வெற்றுக்கணமும் முழு எண்கோடும் பாடநூலில் ‘சிறப்பு வகைகள்’ என்று ஓரமாக வருகின்றன. ஓரத்தில் வைக்க வேண்டியவை அல்ல அவை.

இரண்டு வரம்பில் ஒன்றை மட்டும் காவல் காப்பது எவ்வளவு எளிதில் நடந்துவிடும் என்பதற்கும் தடுப்பூசியே சாட்சி. குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் வட்டத்தையும் அதற்குள் இருக்கும் சதுரத்தையும் பார்த்திருப்பீர்கள். அந்த அடையாளம் 1996-இல் போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் முதலில் வந்தது. வெப்பம் பட்டுக்கொண்டே போகப்போகச் சதுரம் கருத்துவரும்; வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தைக் கொட்டிவிட வேண்டும். மிகச் சிறந்த ஏற்பாடு. ஆனால் அது மேல்வரம்பை மட்டுமே காக்கிறது. போலியோ சொட்டு மருந்துக்கு அது போதும், ஏனென்றால் அந்த மருந்து உறைந்தாலும் கெடாது. அதன் நிபந்தனை ஒரு பக்க அசமன்பாடு. ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் போன்றவை உறைந்தால் கெட்டுவிடும். குப்பியின் மேல் உள்ள சதுரம் அப்போதும் வெளுப்பாகவே இருக்கும், சரியான மருந்துபோலக் காட்டும். உறைந்ததா என்று அறிய, வேண்டுமென்றே உறையவைத்த இன்னொரு குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, எதில் வண்டல் வேகமாகப் படிகிறது என்று பார்க்கும் சோதனை தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. கீழ்வரம்புக்கு வேறு காவல், மேல்வரம்புக்கு வேறு காவல். ‘மற்றும்’ என்ற சொல் கேட்பது அந்த இரட்டை உழைப்பை.

குளிர்பெட்டியின் நிபந்தனையை |வெப்பநிலை − 5| ≤ 3 என்றும் எழுதலாம். ஐந்திலிருந்து மூன்றுக்கு மேல் விலகாதே என்பது பொருள். மட்டுமதிப்பு அசமன்பாடுகளைப் புதிய பாடமாகத் தொடங்கி, புதிய விதிகளாக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். தேவையில்லை. விலக்கம் குறைவு என்றால் ‘மற்றும்’. விலக்கம் மிகுதி என்றால் ‘அல்லது’. கூட்டு அசமன்பாடு புரிந்த மாணவருக்கு இது தூரத்தைப் பற்றிய ஒரு வரி, அவ்வளவே.

இனி, தொடக்கத்தில் சொன்ன என் துணிபுக்கு வருகிறேன். ‘மற்றும்’, ‘அல்லது’ என்ற பிரிவு பள்ளிப் பாடத்தோடு முடிவதில்லை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பிரெஞ்சுக் கணிதர் ஜோசப் பூரியே, வெப்பப் பரவல் பற்றிய ஆய்வுக்காகப் புகழ்பெற்றவர், 1820-களில் ஒருபடி அசமன்பாட்டுத் தொகுதிகளை ஆராய்ந்தார். அவருடைய வழி நாம் இங்கே செய்ததன் நீட்சி. ஒவ்வொரு நிபந்தனையையும் ஏதோ ஒரு மாறிக்காகத் தீர்த்தால், சில நிபந்தனைகள் அதற்குக் கீழ்வரம்பும் சில மேல்வரம்பும் தரும். ஒவ்வொரு கீழ்வரம்பும் ஒவ்வொரு மேல்வரம்புக்கும் மிகாமல் இருந்தால் அந்த மாறிக்கு இடம் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. இப்படி மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போகலாம். கணிதர் மோட்ஸ்கின் 1936-இல் தம் ஆய்வேட்டில் இதை மீண்டும் கண்டார்; இன்று இருவர் பெயராலும் வழங்குகிறது. அழகான வழி, ஆனால் சுமை தாங்காது. 20 நிபந்தனைகள் பாதிப்பாதியாகப் பிரிந்தால் முதல் நீக்கலில் 100 ஆகும், அவையும் பாதிப்பாதி என்றால் அடுத்து 2,500, அதற்கடுத்து 15,62,500.

அதனால்தான், இத்தகைய நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சிறந்த விடையைத் தேட 1947-இல் ஜார்ஜ் டான்சிக் கண்ட சிம்ப்ளெக்ஸ் முறை அவ்வளவு பெரிய திருப்பமானது. 1939-லேயே சோவியத் நாட்டில் கான்டோரோவிச், ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையின் இயந்திரங்களை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வியிலிருந்து இதே துறைக்கு வந்திருந்தார்; 1975-இல் பொருளாதார நோபல் பரிசை கூப்மன்ஸுடன் பகிர்ந்துகொண்டார். 1979-இல் காச்சியன், எத்தனை நிபந்தனைகள் இருந்தாலும் இவ்வகைக் கணக்குக்குக் கட்டுக்குள் நிற்கும் நேரத்தில் விடை காண முடியும் என்று நிறுவினார். பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்த நரேந்திர கர்மார்க்கர், 1984-இல் பெல் ஆய்வகத்தில் இருந்தபோது, நடைமுறையிலும் வேகமாக ஓடும் வழியைத் தந்தார்.

இவர்கள் எல்லோரும் கையாண்டது ‘மற்றும்’. ஒருபடி அசமன்பாடுகளை ‘மற்றும்’ கொண்டு எத்தனை இணைத்தாலும் தீர்வுக் கணம் குவி கணமாகவே இருக்கும்: இரண்டு தீர்வுகளை எடுத்து நேர்கோட்டால் இணைத்தால் அந்தக் கோடு முழுவதும் தீர்வுதான். −3 < ய ≤ 4 என்ற விடையில் துண்டு விழாததும் இதே காரணத்தால். ‘அல்லது’ நுழைந்ததும் அந்த உறுதி போய்விடுகிறது. ய < −3 அல்லது ய ≥ 4 என்பதில் −5, 6 இரண்டும் தீர்வு. நடுவே இருக்கும் பூச்சியம் தீர்வு அல்ல. பல மாறிகள் உள்ள தொகுதியில் ஒவ்வொரு மாறியும் 0 அல்லது 1 என்று ஒரே ஒரு வகை ‘அல்லது’வைச் சேர்த்துப் பாருங்கள். கணினி அறிவியலாளர் ரிச்சர்ட் கார்ப் 1972-இல் மிகக் கடினமானவை என்று பட்டியலிட்ட 21 கணக்குகளில் அதுவும் ஒன்றாகிவிடுகிறது. அதற்கு எப்போதும் விரைந்து விடை தரும் வழி உண்டா, இல்லையா என்பது இன்றுவரை தீராத கேள்வி. கிளே கணித நிறுவனம் 2000-இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்த ஏழு கேள்விகளில் ஒன்று அதுதான். எண்கோட்டில் துண்டு விழுகிறதா என்று பார்க்கச் சொல்லும் பள்ளிக் கணக்கும் அந்தக் கேள்வியும் ஒரே பாதையில் இருக்கின்றன.

ஆகவே இங்கே கூடியிருக்கும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது. இந்தப் பாடத்துக்கு ஒரு வகுப்பு கூடுதலாக ஒதுக்குங்கள். அந்த வகுப்பில் எதையும் தீர்க்க வேண்டாம். கூட்டு அசமன்பாடுகளை எழுதிப்போட்டு, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று மாணவர்களை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எந்த எண் சேரும், எது சேராது, முனை என்ன ஆகும் என்று அவர்களே எண்களைப் போட்டுப் பார்க்கட்டும். வினாத்தாள் எடுப்பவர்கள் விடை வெற்றுக்கணமாக வரும் கணக்கையும், முழு எண்கோடாக வரும் கணக்கையும் ஒவ்வொன்றாவது கேளுங்கள். எண்கோடு வரைந்த மாணவருக்கு அதற்கென்று தனி மதிப்பெண் கொடுங்கள். மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று: விடை எழுதி முடித்ததும் உள்ளேயிருந்து ஓர் எண், வெளியேயிருந்து ஓர் எண், இரண்டு முனைகள் என்று நான்கு எண்களை முதல் வரியில் போட்டுப் பாருங்கள். அதற்குத் தேர்வு நேரத்தில் இரண்டு நிமிடம் போதும்.